நேபாளச் செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறீர்களா? கிளம்புவதற்கு முன் இதைப் படியுங்கள்

கரூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். வேலையை விட்டதும், பள்ளிக்கூடம் எட்டாத பிள்ளைகளுக்குச் சில மாதமாவது பாடம் சொல்லித் தரவேண்டும் என்று நேபாளம் போனேன். போன முதல் பன்னிரண்டு நாள், காசு கொடுத்து, தவறான இடத்தில் மாட்டிக்கொண்டேன். அங்கிருந்து வெளியே வந்த பிறகுதான் பக்தபூர் பக்கத்தில் ஒரு செங்கல் சூளையில், தகரக் கொட்டகையில் நடக்கும் கற்றல் மையத்தில் சேர்ந்தேன். டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுவரை இருந்தேன். எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பன்னிரண்டு நாளும் 38,000 ரூபாயும் மிச்சமாகியிருக்கும். பணத்தைவிட, பதினைந்து பிள்ளைகளிடம் பழகிவிட்டுப் பாதியில் கிளம்பி வந்த வலியும் மிச்சமாகியிருக்கும்.

எழுதியிருப்பது முதன்மையாக இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு. இலங்கை, மலேசியா, கனடா என்று வேறு நாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 4-வது படியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

காத்மாண்டு பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகள் வருடம் முழுக்க ஓடுவதில்லை. திஹார் பண்டிகை முடிந்ததும், அதாவது நவம்பர் வாக்கில், ரோல்பா, டாங், சர்லாஹி போன்ற மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நம் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். ஏப்ரல், மே வரை வேலை, மழைக்கு முன் ஊர் திரும்பிவிடுவார்கள். மேஸ்திரியை அங்கே நாய்கே என்கிறார்கள். அவர் ஊரிலேயே முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவார், அதைக் கல் அறுத்துக் கழிக்க வேண்டும்.

இதில் பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமை என்னவென்றால், நேபாளத்தில் கல்வியாண்டு அவர்களுடைய வைசாக மாதத்தில், அதாவது நம் சித்திரையில் தொடங்குகிறது. முழு ஆண்டுத் தேர்வு பங்குனியில். சூளை வேலை நடப்பதோ கார்த்திகையிலிருந்து சித்திரை வரை. பிள்ளை ஊர்ப் பள்ளியில் பேர் பதிந்திருக்கும், பாதி வருடம் போயிருக்கும், தேர்வு நேரத்தில் சூளையில் இருக்கும். அடுத்த வருடம் மறுபடி அதே வகுப்பு. இப்படி மூன்று வருடம் இரண்டாம் வகுப்பிலேயே இருந்த ஒரு பெண் குழந்தையை எனக்குத் தெரியும். கற்றல் மையத்தின் வேலையே இந்த ஓட்டையை அடைப்பதுதான்.

அதனால் ஒரு மாத லீவில் போய் வரலாம் என்று நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். டிசம்பரில் வந்து பங்குனி முடியும்வரை இருக்க முடியுமா என்று பாருங்கள். குறைந்தது மூன்று மாதம். முதல் மாதம் நீங்கள் மொழி பழகவே போய்விடும்.

மூன்று மாதம் முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து இதேபோலக் குடும்பங்கள் வருகின்றன, அந்தப் பிள்ளைகளுக்கு வேலையிடத்திலேயே ஒடியா மொழியில் பாடம் நடக்கும் மையங்கள் உண்டு. வார இறுதியில் போகலாம், வருடக்கணக்கில் போகலாம். எல்லை தாண்டினால்தான் தொண்டு என்று எதுவும் இல்லை.

2. காப்பகம் என்றால் வேண்டாம்

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது "நேபாளத்தில் ஆதரவற்ற குழந்தைகளுடன் இரண்டு வாரம்" போன்ற விளம்பரம்தான். நானும் அதில்தான் விழுந்தேன். ஏஜென்ஸி ஒன்று, பெயர் வேண்டாம், "இடம் ஒதுக்கும் கட்டணம்" என்று 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு காத்மாண்டுவில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பியது. மூன்று மாடி வாடகை வீடு, பதினைந்து பிள்ளைகள். போன அன்றே எல்லாரும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து வேறு ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தார், அவரிடமும் அதே ஓட்டம், அதே கைப்பிடிப்பு. வாராவாரம் புது ஆட்கள் வந்து போய், பிள்ளைகள் அதற்கே பழகிப்போயிருந்தார்கள்.

எட்டாவது நாள் ஒரு பையன் சாதாரணமாகச் சொன்னான், தசைன் பண்டிகைக்கு அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று. அப்புறம் விசாரித்ததில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ ஊரில் இருந்தார்கள். நல்ல படிப்பு கிடைக்கும் என்று சொல்லி மலைக் கிராமங்களிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள். நேபாளத்தில் இது பல வருடமாகத் தெரிந்த விஷயம். காப்பகங்களில் பெரும்பாலானவை ஐந்தே மாவட்டங்களில், அதாவது காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், போக்ராவை உள்ளடக்கிய காஸ்கி, சித்வன் ஆகியவற்றில் குவிந்திருக்கின்றன. அத்தனையும் சுற்றுலாப் பயணிகள் வரும் இடங்கள். அநாதைப் பிள்ளைகள் இந்த ஐந்து மாவட்டத்தில் மட்டும் பிறப்பதில்லை அல்லவா? 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு, பிள்ளைகளைப் பெற்றோர் துணையில்லாமல் மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக அரசே தடை போட வேண்டிய நிலை வந்தது.

எல்லாக் காப்பகமும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் வெளியிலிருந்து போகும் நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நாம் கொடுக்கும் கட்டணமே அடுத்த பிள்ளையைக் கூட்டிவரக் காரணமாகிவிடும். ஆகவே பிள்ளைகள் பெற்றோருடன் வசிக்கும் இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்: சூளைக் கற்றல் மையம், சமுதாயப் பள்ளி, குடிசைப் பகுதியின் மாலை வகுப்பு. மாலையில் பிள்ளை யாரிடம் திரும்பிப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. அம்மாவிடம் என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

3. அமைப்பைத் தீர விசாரியுங்கள்

அங்கே தொண்டு நிறுவனம் என்றால் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் பதிவு இருக்க வேண்டும், சமூக நலக் கவுன்சிலிலும் இணைப்பு இருக்க வேண்டும். இரண்டின் எண்ணையும் கேளுங்கள், சான்றிதழின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் ஒரே நாளில் அனுப்பிவிடுவார்கள். "நீங்கள் வாருங்கள், நேரில் காட்டுகிறோம்" என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் இவற்றையும் கேளுங்கள்: நிரந்தரமான உள்ளூர் ஆசிரியர் இருக்கிறாரா, அவருக்குச் சம்பளம் உண்டா? நான் போனால் அவர் வேலை போகுமா? நான் கிளம்பிய பிறகு என் வகுப்பை யார் எடுப்பார்கள்? குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறதா? சூளை முதலாளி அனுமதி கொடுத்திருக்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். கொட்டகை நிற்பது அவருடைய நிலத்தில், அவர் ஒரு வார்த்தை சொன்னால் மையம் மூடிவிடும்.

உங்களிடம் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஏஜென்ஸி என்னிடம் கேட்டது இரண்டுதான்: பணம் எப்போது வரும், விமானம் எப்போது வரும். சூளை மையம் கேட்டது காவல்துறைச் சான்று, முன்பு வேலை பார்த்த பள்ளியிலிருந்து கடிதம், இரண்டு பேருடைய தொடர்பு எண். அந்த இரண்டு பேருக்கும் உண்மையிலேயே போன் போட்டு அரைமணி நேரம் பேசியிருக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் அவமானமாகத் தெரியவில்லை, நிம்மதியாக இருந்தது.

4. ஆவணங்கள்

இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. ஆனால் அடையாள ஆவணத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விமானத்தில் போக செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை, இரண்டில் ஒன்று கட்டாயம். 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் ஆதார் போன்ற மற்ற அட்டைகள் செல்லும். டெல்லியில் ஒரு இளைஞர் ஆதாரை மட்டும் வைத்துக்கொண்டு கவுண்டரில் எவ்வளவோ பேசிப் பார்த்தார், போர்டிங் பாஸ் தரவேயில்லை. வாக்காளர் அட்டை இருந்தாலும் பாஸ்போர்ட்டையே கொண்டுபோங்கள். சிம் வாங்க, அறை எடுக்க எல்லாவற்றுக்கும் சுலபம்.

காவல்துறைச் சான்றுக்குக் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். நான் கட்டியது 500 ரூபாய், கைக்கு வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. தாமதத்துக்குக் காரணம், ஆவணத்தில் பழைய முகவரி, நான் குடியிருந்தது வேறு தெரு. விசாரிக்க வந்தவர் பழைய வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். முகவரி ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே பாருங்கள். ரொம்ப முன்கூட்டியும் வாங்கவேண்டாம், ஆறு மாதத்துக்கு மேல் பழைய சான்றை மையங்கள் ஏற்பதில்லை.

மற்றவை: பட்டச் சான்றிதழ், பி.எட். இருந்தால் அதுவும், இரண்டின் நகல். பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து. மையத்திலிருந்து நீங்கள் யார், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை, எந்த இடத்தில் என்று முத்திரையோடு ஒரு அழைப்புக் கடிதம். இந்தக் கடிதத்தை எப்போதும் பையில் வையுங்கள். சூளைப் பக்கம் பிள்ளைகளோடு புது ஆள் நடந்தால் யாராவது கேட்கத்தான் செய்வார்கள், கேட்க வேண்டும்.

வேறு நாட்டு பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு: இலங்கையர் உள்ளிட்ட பெரும்பாலான சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டினருக்கு அந்த வருடத்தின் முதல் வருகையில் 30 நாள் விசா இலவசம். மற்றவர்களுக்குச் சுற்றுலா விசா 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125. ஆனால் சுற்றுலா விசாவில் சம்பளம் இல்லாத வேலைகூடச் செய்யக்கூடாது என்பதுதான் விதி. "எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள்" என்று ஏஜென்ஸி சொல்லும். பிடிபட்டால் அபராதமும் வெளியேற்றமும் உங்களுக்குத்தான். சரியான விசாவுக்கு அமைப்பே விண்ணப்பிக்க வேண்டும், அதைச் செய்யத் தயாரில்லாத அமைப்பை விட்டுவிடுங்கள்.

5. பணம்

இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60, நிலையான விகிதம். இதில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது, மனக்கணக்கே போதும்.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. இந்தியர் நேபாளம், பூடான் பயணத்துக்காக அன்னியச் செலாவணி வாங்க அந்நியச் செலாவணிச் சட்டத்தில் அனுமதியே இல்லை. ஆகவே நேபாளத்துக்கு அனுப்பும் ஏஜென்ஸி உங்களிடம் டாலரில் கட்டச் சொன்னால், அந்தப் பணம் நேபாளப் பிள்ளைக்குப் போகவில்லை, வேறெங்கோ போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். எனக்கு இது தெரியாது. டாலர் கணக்கில் சொன்ன தொகையை ரூபாயில் கட்டினேன்.

கையில் 100 ரூபாய் நோட்டாகக் கொண்டுபோங்கள். பெரிய நோட்டுகளை நேபாளம் பல வருடம் தடை செய்திருந்தது, சின்னக் கடைகளில் இப்போதும் தயங்குவார்கள். 2024-லிருந்து நம் யுபிஐ அங்கே கடைகளில் வேலை செய்கிறது. ஃபோன்பே (Fonepay) என்று எழுதிய கியூஆர் அட்டை இருக்கும். அது நம் ஊர் ஃபோன்பே (PhonePe) இல்லை, பெயர் மட்டும் ஒரே மாதிரி. நம் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைக் கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள். ஏடிஎம் உண்டு, ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிப்பார்கள், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள்.

எனக்கு ஆன செலவு, இந்திய ரூபாயில், நாலரை மாதத்துக்கு: அறை வாடகை 25,000 சொச்சம், மாதம் 9,000 நேபாள ரூபாய் வீதம். சாப்பாடு, பஸ், போன் எல்லாம் 34,000. போகும்போது ரயிலும் பஸ்ஸும் 3,500. திரும்பும்போது விமானம் 16,000. ஊசிகள் 6,000. காப்பீடு 4,000. கம்பளி உடுப்பு, ஸ்லீப்பிங் பேக் 5,000. மொத்தம் 95,000-க்குள், ஏஜென்ஸிக்குப் போனதைச் சேர்க்காமல். மையம் என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை. மதியம் பிள்ளைகளோடு சாப்பிட்டதற்கு நானே மாதம் ஒரு தொகை கொடுத்துவிடுவேன், ரசீது தருவார்கள்.

காப்பீடு எடுக்கும்போது பாலிசியில் நேபாளம் என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். உள்நாட்டு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் எல்லை தாண்டாது.

6. ஊசி, குளிர், புகை

டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் மூன்றும் போட்டுக்கொண்டேன். நாய்க்கடிக்கு முன்கூட்டிப் போடும் ரேபிஸ் ஊசியும் போட்டேன், சூளைக்குப் போகும் வழியெல்லாம் தெருநாய்கள். ஒரே நாளில் முடியாது, கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போதே டாக்டரைப் பாருங்கள். முன்கூட்டிப் போட்டிருந்தாலும் கடித்தால் மறுபடி ஊசி போட்டே ஆகவேண்டும். காத்மாண்டுவில் அதற்கு எல்லாரும் போவது டேகுவில் உள்ள தொற்றுநோய் மருத்துவமனைக்கு.

ஜனவரி காலையில் இரண்டு மூன்று டிகிரிக்கு இறங்கிவிடும். தகரக் கொட்டகையில் அந்தக் குளிர் தரையிலிருந்து ஏறும். தெர்மல் உள்ளாடை இரண்டு ஜோடி, கம்பளிக் காலுறை, விரல் நுனி திறந்த கையுறை. கையுறை அப்படி இருந்தால்தான் சாக்பீஸ் பிடிக்க முடியும். சூளைப் புகைக்கு என்95 முகக்கவசம் ஒரு பெட்டி. மார்ச் மாதம் சாயங்காலமானால் தொண்டை எரியும். ஆஸ்துமா உள்ளவர்கள் சூளை மையத்தைத் தவிர்த்து ஊருக்குள் இருக்கும் சமுதாயப் பள்ளியைக் கேளுங்கள்.

7. போய்ச் சேர்வது

ரயிலில் என்றால் கோவை, சேலம், சென்னை வழியாக கோரக்பூர் போகும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸ். இரண்டு இரவு. கோரக்பூரிலிருந்து சுனௌலி எல்லைக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம். நடந்தே தாண்டலாம், அந்தப் பக்கம் பைரஹவாவிலிருந்து காத்மாண்டு பஸ். சாலை வேலை நடந்தால் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும், இரவுப் பேருந்தைத் தவிர்த்துவிடுங்கள். மலைச்சாலை, பள்ளம் ஒரு பக்கம், தூக்கக் கலக்க ஓட்டுநர். காலை பஸ்ஸைப் பிடிப்பதற்காக பைரஹவாவில் ஒரு ராத்திரி தங்கினேன், நல்ல முடிவு. விமானம் என்றால் டெல்லி வழியாக.

கடிகாரத்தைக் கால்மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிடம் அதிகம்.

இந்தியத் தூதரகம் காத்மாண்டுவில் லைன்சௌரில் இருக்கிறது. தனியாகப் போகும் பெண்கள் அந்த எண்ணையும், மையத்துப் பெண் ஊழியர் ஒருவர் எண்ணையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நான் மையத்து டீச்சரின் தெருவிலேயே அறை எடுத்தேன். கொஞ்சம் வாடகை கூட, ஆனால் இருட்டிய பிறகு தனியாக நடக்கவேண்டி வரவில்லை.

8. வகுப்பில் முதல் இரண்டு வாரம்

போனதும் பாடம் எடுக்காதீர்கள். உள்ளூர் ஆசிரியர் எடுக்கட்டும், நீங்கள் பின்னால் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுங்கள். நான் ஒன்பது வருட அனுபவம் என்று இரண்டாம் நாளே கரும்பலகை முன் நின்றேன், பிள்ளைகள் என் நேபாளியைக் கேட்டு முழித்தார்கள். நேபாளியே அவர்களில் பலருக்கு வீட்டு மொழி இல்லை. ரோல்பாப் பிள்ளைகள் வீட்டில் மகர் மொழி பேசுவார்கள், சர்லாஹிப் பிள்ளைகள் மைதிலி. இதை உள்ளூர் டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

தேவநாகரி எழுத்தும் எண்களும் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள், ஒரு மாதம் போதும். பாடநூல்கள் அச்சாவது பக்தபூரின் சானோடிமியில், பாடத்திட்ட மையமும் அங்கேதான். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான கணக்கு, நேபாளிப் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பாட்டும் ஆங்கிலப் பாட்டும் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் குஷியாகத்தான் கத்துவார்கள், ஆனால் ஊர்ப் பள்ளியின் பங்குனித் தேர்வில் அது கேள்வியாக வராது.

கணக்கு டீச்சர்களுக்கு ஒன்று. பத்து வயதுப் பையன் ஒருவன், இடமதிப்பு சுத்தமாக வரவில்லை, 347 எழுதச் சொன்னால் 300407 என்று எழுதுவான். ஒருநாள் காலை அவன் அம்மா அறுத்துப் போட்ட பச்சைக்கல்லைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு கல்லை உள்ளங்கையால் தட்டி, சத்தத்தை வைத்து இது காய்ந்தது, இது காயவில்லை என்று பிரிக்கிறான். அடுக்கில் எத்தனை என்று கேட்டால் நிமிர்ந்து பார்க்காமலே சொல்கிறான், ஏனென்றால் கூலி ஆயிரம் கல் கணக்கில். அன்றைக்கு வகுப்பில் உடைந்த கல்லைக் கொண்டுவந்து, ஒற்றைக் கல், பத்துக் கல் வரிசை, நூறு கல் அடுக்கு என்று வைத்தேன். மூன்று அடுக்கு, நாலு வரிசை, ஏழு கல். தானே எழுதினான், 347. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தது என்ன என்று பார்க்கத்தான் அந்த இரண்டு வாரம்.

வகுப்பு நேரத்தையும் நீங்கள் முடிவு செய்ய முடியாது. குடும்பம் விடியற்காலை மூன்று மணிக்குக் கல் அறுக்க எழும். பிள்ளை பத்து மணிக்குத் தூங்கி வழிந்தால் அதட்டாதீர்கள். அடிக்கவே கூடாது, சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தாலும் சொல்கிறேன். 2018-லேயே நேபாளம் பிள்ளைகளை அடிப்பதைப் பள்ளியிலும் வீட்டிலும் சட்டத்தால் தடை செய்துவிட்டது.

நாங்கள் இருந்தபோது சனிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு வகுப்பு உண்டு. தேதியெல்லாம் அவர்களுடைய நாள்காட்டியான விக்ரம் ஆண்டில்தான் எழுதுவார்கள். வைசாகம் முதல் டிசம்பர் வரை 57-ஐக் கழித்தால் ஆங்கில வருடம் வரும், ஜனவரியிலிருந்து வைசாகம் வரை 56. பதிவேட்டில் பிள்ளையின் பிறந்த வருடத்தைத் தப்பாக மாற்றி எழுதினால் ஊர்ப் பள்ளியில் சேர்க்கும்போது பிரச்சினையாகும். மாற்றவே வேண்டாம், அவர்கள் எழுதுகிறபடியே எழுதுங்கள்.

9. கண்டிப்பாகச் செய்யக்கூடாதவை

பிள்ளையின் முகம் தெரியும் படத்தை எங்கேயும் போடாதீர்கள். அம்மா தலையாட்டினாலும் போடாதீர்கள், அந்தப் படம் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாது.

எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கவேண்டாம். வீட்டுக்குக் கூட்டிப் போகவேண்டாம். இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

தனிப்பட்ட முறையில் பரிசும் பணமும் கொடுக்காதீர்கள். ஒரு குழந்தைக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன், அடுத்த நாள் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் கொட்டகை வாசலில் நின்றார்கள், அவர்கள் மீது தப்பே இல்லை. எல்லாருக்கும் தருவதாக இருந்தால் மையத்தின் மூலம் தாருங்கள்.

மேஸ்திரியோடும் முதலாளியோடும் நீங்களே சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு பிள்ளையை அடிப்பதையோ, பாரம் தூக்க வைப்பதையோ பார்த்தால் ரத்தம் கொதிக்கும்தான். ஆனால் நீங்கள் கத்திவிட்டு ஊருக்கு வந்துவிடுவீர்கள், முன்பணக் கடனோடு அந்தக் குடும்பம் அங்கேயே இருக்கும். பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, நம் ஊரில் இருக்கும் அதே எண்தான்.

10. கிளம்புவது

திரும்பும் தேதியைப் பிள்ளைகளிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். சுவரில் காலண்டர் மாட்டி அந்த நாளில் வட்டம் போட்டுவிட்டேன். "மறுபடி வருவேன்" என்று உறுதியாகத் தெரியாமல் சொல்லாதீர்கள்.

கிளம்பும் முன் செய்யவேண்டிய வேலையில் பெரியது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள். பெயர், ஊர்ப் பள்ளியின் பெயர், வகுப்பு, மையத்தில் வந்த நாட்கள், எந்தப் பாடத்தில் எந்த அத்தியாயம்வரை முடித்திருக்கிறது, அடியில் மையத்தின் முத்திரை. நேபாளியில் எழுத வேண்டும், உள்ளூர் டீச்சர் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் கையெழுத்து வேண்டாம், ஊர்த் தலைமையாசிரியர் சந்தேகம் கேட்க போன் போட்டால் எடுக்க ஆள் அங்கே இருக்கவேண்டும். எங்கள் மையம் முன்கூட்டியே பேசியிருந்ததால் சில ஊர்ப் பள்ளிகள் இந்தத் தாளைப் பார்த்து மறுதேர்வு வைத்து அடுத்த வகுப்பில் ஏற்றின. எல்லாப் பள்ளியும் ஏற்காது. ஏற்காத பள்ளிகளின் பட்டியலையும் எழுதிவைத்துவிட்டு வந்தேன், அடுத்த வருடம் போகிறவர் நவம்பரிலேயே பேசத் தொடங்கலாம்.

இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். அவர்களுக்கு வருடப்பிறப்பு நம் சித்திரை ஒன்றையொட்டியே வருகிறது. வேலை முடியாவிட்டாலும், முன்பணம் கழிந்த குடும்பங்கள் பண்டிகைக்கு ஊர் போய்விடப் பார்க்கும். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் முன்பே தெரியாது. ஒருநாள் காலை நான் போகும்போது ஏழு பிள்ளைகள் சட்டிபானையோடு லாரியின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேருடைய தாள் என் பையில் தயாராக இருந்தது, எட்டிக் கொடுத்துவிட்டேன். மற்ற மூன்று பேருக்கு இன்னும் எழுதவில்லை. பங்குனி பத்தாம் தேதிக்குள் எல்லாத் தாளையும் முடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அம்மாக்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.